அட்டைப்படம் வரைபவரின் தொழில்

கதைக்கும் விளம்பரத்துக்கும் நூல் அட்டைக்கும் படம் வரைந்து கொடுத்து, எங்கும் மாதச் சம்பளம் வாங்காமல் பிழைப்பவர் சுயாதீன ஓவியர். கண்காட்சிக்கு வரைபவர் மனம்போல வரையலாம். இவரோ இன்னொருவர் எழுதியதை, கேட்ட அளவில், சொன்ன நாளுக்குள் வரைந்தாக வேண்டும்.

தமிழில் இத்தொழிலில் நிலைத்து நின்றவர்களுள் மாருதி முதன்மையானவர். புதுக்கோட்டையில் 1938இல் பிறந்த அவரது இயற்பெயர் ரங்கநாதன். 1959இல் சென்னைக்கு வந்து சினிமா பேனர் வரையும் வேலையில் சேர்ந்தார். அதே ஆண்டு குமுதம் இதழில் அவர் படம் வெளியானது. பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேல் வார இதழ்களுக்கும் மாத நாவல்களுக்கும் வரைந்து, 2023இல் காலமானார். பெரிய விழிகளோடு ஒரு பெண்முகம் அட்டையில் இருந்தால், கையெழுத்தைத் தேடாமலே அது மாருதியுடையது என்று வாசகர் சொல்லிவிடுவார்கள். இப்படி அடையாளம் தெரிவதுதான் சுயாதீன ஓவியரின் மூலதனம். அடுத்த வேலை அதை நம்பியே வருகிறது.

கோபுலு வேறு வழியில் போனார். ஆனந்த விகடனில் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கு வரைந்து பெயர் பெற்றவர், 1960களில் விளம்பரத் துறைக்கு மாறி, பின்பு சொந்தமாகவே விளம்பர நிறுவனம் தொடங்கினார்.

வேலை வாசிப்பில் தொடங்குகிறது. கதையின் முடிவை உடைக்காத, ஆனால் வாசகரை இழுக்கும் ஒரு கணத்தை ஓவியர் தேர்ந்தெடுக்க வேண்டும். பென்சில் வரைவை ஆசிரியர் ஒப்புக்கொண்ட பிறகே வண்ணம். அட்டையென்றால் தலைப்புக்கென மேலே வெற்றிடம் விட வேண்டும். அதை மறந்தால் நாயகியின் நெற்றியில் எழுத்து ஏறிவிடும். பிளாக் அச்சுக் காலத்தில் படத்தைப் பெரிதாக வரைந்து சுருக்குவார்கள். நெருக்கமாக இழுத்த கோடுகள் சுருங்கும்போது மை அப்பிக் கறுத்துப்போகும் என்பதால், எங்கே கோட்டைத் தவிர்ப்பது என்பதும் கைப்பழக்கமாக வேண்டியிருந்தது.

இன்று டேப்லெட்டில் வரைந்து இணையத்தில் அனுப்பலாம். அச்சகம் இருக்கும் நகரத்தில் குடியிருக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. இலங்கையின் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் காண்பியக் கலை படித்த ஒருவர், அதே மாவட்டத்தில் குளமும் வயலுமான உன்னிச்சையில் இருந்தபடியே சென்னைக்கோ கனடாவுக்கோ அட்டை வரையலாம். மின்சாரமும் இணைப்பும் கைகொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பலர் ஏமாறுவது உரிமையில். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஊழியராக இருந்து வரைந்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை பொருளாதார உரிமை முதலாளியுடையது. சுயாதீனமாக வரைபவர் அதை விட்டுக்கொடுக்க எழுத்தும் கையொப்பமும் வேண்டும். அந்த உரிமை ஓவியர் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. எனவே முற்பணம் வாங்கும்போதே எந்தப் பதிப்புக்கு, எந்த நாட்டுக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று எழுதி வாங்குவது நல்லது. அதே படத்தை நாளை நாட்காட்டியிலோ விளம்பரத்திலோ போட விரும்பினால், அதற்குத் தனிச் சன்மானம் கேட்கலாம்.