பதின்பருவத்தினரின் இணையவழி விளையாட்டும் ஒழுங்குமுறையின் எல்லையும்

பப்ஜி 2020 செப்டம்பர் 2 அன்று தடைசெய்யப்பட்டது. தரவுப் பாதுகாப்பும் நாட்டின் இறையாண்மையுமே காரணங்களாகக் கூறப்பட்டன. சிறார் நலன் அன்று. 2021 ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்னும் பெயரில் மீண்டும் வந்தது.

தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் வெளிவந்த விதிமுறைகள், 18 வயதுக்குட்பட்டோர் பணம் வைத்து ஆடுவதைத் தடுத்தன. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை உள்நுழைவை மறுத்தன. சென்னை உயர்நீதிமன்றம் ஜூன் 3 அன்று இவற்றை ஏற்றது. ஆகஸ்டில் நிறைவேறிய நடுவணரசுச் சட்டம் தடைசெய்ததும் பணவிளையாட்டையே. பப்ஜி வகை விளையாட்டில் பந்தயப் பணம் இல்லை. உடையும் ஆயுதத் தோற்றமுமே விற்கப்படுகின்றன. ஆதலின் அது இத்தடைகளுக்கு வெளியே நிற்கிறது.

2022 முதல் நடைமுறையிலுள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, ஆடும் மணிக்கணக்கை அளவுகோலாகக் கொள்ளவில்லை. கட்டுப்பாட்டிழப்பு, பிற கடமைகளினும் விளையாட்டுக்கு முதன்மை, தீங்கு நேர்ந்தும் தொடர்தல் ஆகியவை பொதுவாக 12 மாதங்கள் நீடித்தலையே அது கருதுகிறது. இங்கு ஒரு நுட்பம் உண்டு. நால்வர் அணியில் ஒருவர் இடையில் விலகினால் மற்ற மூவரும் பாதிக்கப்படுவர். எனவே அழைத்தும் எழாத சிறுவனிடம் இருப்பது கட்டுப்பாட்டிழப்போ, தோழமைக் கடமையோ என்பதை அருகிருந்து பார்ப்பவரே பிரித்தறிய இயலும். பெற்றோர் விடியுமுன்னே பாத்திக்குச் சென்றுவிடும் மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் வீட்டில் அவ்வாறு பார்ப்பவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியராகவே இருக்க முடியும்.