டிரெய்லருக்குப் பின்தடுப்பு: வீட்டு முற்றத்திலேயே பொருத்தலாம்

கரும்பு வெட்டும் சம்பா அறுவடையும் சேர்ந்து வரும் தை, மாசி மாதங்களில் டிராக்டர் டிரெய்லர்கள் இரவு பகல் பாராமல் சாலையில் ஓடுகின்றன. விளக்கு எரியாமல், புழுதி படிந்து நிற்கும் டிரெய்லர் இருட்டில் கண்ணுக்கே தெரியாது. அந்தச் சாலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்புபவரும், கடைசி பஸ்ஸில் வந்த மகளை ஏற்றிக்கொண்டு வருபவரும் இருசக்கர வாகனத்தில் வருகிறார்கள்.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வரும் பைக் ஒரு நொடியில் 16 முதல் 17 மீட்டர் கடக்கும். முன்னால் ஏதோ நிற்கிறது என்று மனம் உணர்ந்து கை பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்தால், அதற்குள் 25 மீட்டர் போய்விடும். நல்ல சாலையிலும் பிரேக் பிடித்து நிற்க மேலும் 20 மீட்டர் வேண்டும். ஆக 45 மீட்டர். தாழ்த்திப் போட்ட விளக்கு வெளிச்சத்தில் டிரெய்லர் 30, 40 மீட்டரில்தான் தெரிகிறது என்றால், ஓட்டுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் மோதல்தான்.

டிரெய்லரின் தளம் தரையிலிருந்து சுமார் மூன்று, மூன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. பின்னால் வரும் காரின் முன்பகுதி அதன் அடியில் நுழைந்துவிட, தளத்தின் இரும்பு விளிம்பு நேராகக் கண்ணாடியில் வந்து இடிக்கிறது. பைக்கில் வருபவருக்கு அது நெஞ்சுக்கும் முகத்துக்கும் நேரான உயரம். வாகனம் அடியில் நுழையாமல் தடுப்பதுதான் பின்தடுப்பின் வேலை.

இரண்டும் சேர்ந்தால்தான் பலன்

பின்தடுப்பு காரில் வருபவரைக் காக்கும் அளவுக்குப் பைக்கில் வருபவரைக் காக்காது. பைக்காரருக்கு முதலில் உயிர் காப்பது ஒளியைத் திருப்பி அனுப்பும் சிவப்பு ஸ்டிக்கரும் எரியும் விளக்கும்தான். மோதாமல் இருக்க ஸ்டிக்கர், மோதிவிட்டால் அடியில் போகாமல் இருக்கத் தடுப்பு என்று இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும். கையில் பணம் குறைவாக இருந்தால் இன்றைக்கே ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, அடுத்த மாதம் தடுப்பு வைக்கலாம்.

அளவும் இரும்பும்

வெறும் டிரெய்லரைச் சமதரையில் நிறுத்தி, டயர்களில் சரியான காற்று வைத்து அளவெடுக்க வேண்டும். தடுப்பின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 55 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. லாரிகளின் பின்தடுப்புக்குப் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு இது. நீளம் பின்சக்கரங்களின் வெளி அகலத்தைத் தாண்டக்கூடாது. இருபுறமும் 10 செ.மீ.க்கு மேல் குறையவும் கூடாது. டிரெய்லரின் பின் விளிம்பிலிருந்து உள்ளே ஓர் அடிக்குள் தடுப்பு அமைய வேண்டும்.

குறுக்குச் சட்டத்துக்கு 100 மி.மீ. உயரமுள்ள சேனல் நல்லது. இது மீட்டருக்கு 9 முதல் 10 கிலோ எடை இருக்கும். முனைகளைத் தகடு வைத்து மூடி, கூர் இல்லாமல் உரசிவிட வேண்டும். முனைகளைப் பின்பக்கமாக வளைத்தால் அது கொம்பாகிவிடும். மெல்லிய தண்ணீர்க் குழாயை வளைத்து வைப்பது அலங்காரம் மட்டுமே.

பொருத்தும் முறை

வெல்டிங் வேலை அனைத்தையும் தடுப்பைத் தனியாக வைத்துப் பட்டறையிலேயே முடித்துவிட வேண்டும். டிரெய்லரின் சேசிஸ் சேனலில் நேரடியாக வெல்டிங் வைத்தால், சுமை குலுங்கும்போது அந்த இடத்தில் விரிசல் விடக்கூடும். எனவே சேசிஸுடன் சேர்ப்பது போல்ட் மூலம் மட்டும். இந்த வேலையை வீட்டிலேயே செய்யலாம்.

1. டிராக்டரைக் கழற்றிவிட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது.

2. இரண்டு கால்களின் மேல்முனையிலும் 10 மி.மீ. கனம், ஓர் அடி நீளமுள்ள தகட்டைப் பட்டறையில் பற்றவைத்துக் கொண்டுவரவும். இந்தத் தகடு சேசிஸ் சேனலின் பக்கவாட்டில் படியும்.

3. சேனலின் பக்கச் சுவரில், நடுக்கோட்டை ஒட்டி 10 செ.மீ. இடைவெளியில் மூன்று துளைகள் போடவும். முதலில் 5 மி.மீ., பிறகு 13 மி.மீ. பிட். சேனலின் மேல், கீழ் மடிப்புகளில் துளை போடவே கூடாது. சுமையைத் தாங்கும் பலம் அங்கேதான் இருக்கிறது.

4. தலையில் 8.8 என்று பொறித்த 12 மி.மீ. போல்ட்டுடன் வாஷரும் கழலாத நைலான் நட்டும் போட்டு முடுக்கவும்.

5. ஒவ்வொரு காலின் கீழ்ப்பகுதியிலிருந்தும் முன்பக்கமாகச் சாய்வாக ஒரு தாங்கியை சேசிஸுக்கு இழுத்து, இரண்டு போல்ட் போடவும். இந்தத் தாங்கி இல்லாவிட்டால் மோதும்போது கால் உள்பக்கமாக மடிந்துவிடும்.

6. டிப்பராக இருந்தால், வெறும் பெட்டியை மெதுவாக முழு உயரத்துக்குத் தூக்கிப் பார்க்கவும். பெட்டியின் பின்பகுதி கீழே இறங்கும்போது தடுப்பில் இடிக்கக்கூடாது. பின் கதவைத் திறந்து தொங்கவிட்டும் பார்க்கவும்.

ஸ்டிக்கரும் விளக்கும்

ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் பூசி, நன்றாகக் காய்ந்தபின் சிவப்பு ஒளித் திருப்பி ஸ்டிக்கரை இரு முனைகளிலும் கட்டாயம் ஒட்ட வேண்டும். வண்டியின் அகலம் அப்போதுதான் பின்னால் வருபவருக்குப் புரியும். சிவப்பு பெயின்ட் இதற்கு ஈடாகாது. பக்கவாட்டில் மஞ்சள் நிறம். பின்விளக்கு, பிரேக் விளக்குகளை டிராக்டரின் டிரெய்லர் சாக்கெட்டில் இணைத்து, கிளம்பும் முன் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பார்ப்பது நல்லது.

வைக்கோலும் கரும்பும் பின்னால் தொங்கினால் தடுப்பும் விளக்கும் மறைந்துவிடும். அப்படிச் சுமை ஏற்றாமல் இருப்பதே சரி.

யூரியா, பொட்டாஷ் சிந்திய இடத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். உரம் இறக்கிய அன்றே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். முதல் வாரம் ஓடியபின் போல்ட்டுகளை மறுபடி முடுக்கி, பிறகு மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

விவசாயிகள் கேட்கும் சந்தேகங்கள்

*தடுப்பு தாழ்வாக இருந்தால் வரப்பிலும் வாய்க்காலிலும் மாட்டாதா?*

மாட்டும். வயலுக்குள் அடிக்கடி இறங்கும் டிரெய்லருக்குக் காலை இரண்டு துண்டாகச் செய்து, குழாய்க்குள் குழாயாகச் செருகி, கனமான பின் போட்டுப் பூட்டும்படி பட்டறையில் சொல்லலாம். வயலில் மேலே ஏற்றலாம். சாலைக்கு வரும்முன் கீழே இறக்கிப் பூட்ட வேண்டும். இறக்க மறந்தால் தடுப்பு இருந்தும் இல்லாததுதான்.

*இதற்கு அனுமதி வேண்டுமா?*

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றி அமைப்பதைத் தடுக்கிறது. ஆகவே வேலை தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் அளவுகளைக் காட்டிக் கேட்டுக்கொள்வது பின்னால் சிக்கலைத் தவிர்க்கும்.

*தடுப்பில் ஆள் ஏறிப் போகலாமா?*

கூடாது. வேலை முடிந்து திரும்பும் ஆட்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதைப் படி போல நினைத்து ஏறிக்கொள்வார்கள். பின்னால் வரும் வண்டி முதலில் இடிக்கும் இடம் அதுதான். "ஏறாதீர்" என்று தடுப்பின் மேல்புறம் எழுதிவைப்பதோடு, ஓட்டுபவரும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

*வழியில் பஞ்சர் ஆகி நின்றால்?*

முடிந்தவரை சாலையை விட்டு மண்பாதைக்கு இறக்க வேண்டும். முடியாவிட்டால் எச்சரிக்கை முக்கோணத்தை வண்டியிலிருந்து 50 அடிகளாவது எடுத்துவைத்து நடந்து போய், பின்னால் வருபவர்களுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். கல்லை அடுக்கிவைத்துவிட்டு, பிறகு அதைச் சாலையிலேயே விட்டுப் போவது அடுத்தவர் உயிருக்கு உலை வைப்பதாகும்.