மருத்துவமும் மார்க்க நெறியும்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் பெருங்கடைவீதிக்குச் சாலை என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் நிறுவிய அங்காடி அது. தமிழகத்திலிருந்து வந்த வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து வருகின்றனர். அவர்களுள் முஸ்லிம்களும் உளர். சாலை என்னும் சொல்லுக்குக் கல்வி நிலையம் என்ற பொருளும் பழந்தமிழில் உண்டு. கல்வெட்டுகள் கூறும் காந்தளூர்ச் சாலையை, இவ்வங்காடியை அடுத்துள்ள வலியசாலையோடு இணைத்துக் கருதும் அறிஞர் உளர். இத்தகைய இடத்தில் வாழும் நம்மவர்க்கு இன்று மிகவும் வேண்டுவதாகிய ஒரு கல்வியைப் பற்றி இங்கே கூற விழைகிறோம். உயிரியல் மருத்துவத்தையும் இஸ்லாமிய அறநெறியையும் ஒருங்கே ஆராயும் கல்வியே அது.

இக்கல்வியின் தேவை எங்கே பிறக்கிறது? ஒரு வணிகருக்கு இதய வால்வு பழுதுற்றது என்று வைத்துக்கொள்வோம். மாற்று வால்வுகள் இருவகைப்படும். ஒன்று பன்றியின் வால்வினாலோ, மாட்டின் இதய உறையினாலோ செய்யப்படுவது. இது சில ஆண்டுகளில் தேய்ந்துபோகக் கூடும். மற்றொன்று உலோகம் முதலியவற்றால் ஆன இயந்திர வால்வு. இது நெடுங்காலம் உழைக்கும், ஆயினும் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்து உண்ண வேண்டும். பன்றியோ மார்க்கத்தில் விலக்கப்பட்டது. மருத்துவர் வால்வை அறிவார், மார்க்கச் சட்டத்தை அறியார். ஆலிம் சட்டத்தை அறிவார், வால்வை அறியார். இவ்விருவருக்கும் நடுவே நோயாளியின் குடும்பம் திகைத்து நிற்கிறது.

உயிருக்கு ஆபத்து நேர்ந்து வேறு வழியும் இல்லாதபோது, விலக்கப்பட்டது தேவையான அளவுக்கு அனுமதிக்கப்படும் என்பது இஸ்லாமியச் சட்டத்தின் நிர்ப்பந்த விதி. ஆனால் வேறு வழி உண்டா இல்லையா என்பதைக் கூற வேண்டியவர் மருத்துவரே. திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில், டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான இயந்திர வால்வு 1990 டிசம்பர் 6-ஆம் நாள் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன் கூடு உலோகக் கலவை; வட்டு பிளாஸ்டிக்; விலங்கின் உறுப்பு எதுவும் அதில் இல்லை. அத்தகைய வால்வு ஏற்ற நோயாளிக்கு நிர்ப்பந்தம் என்னும் வாதம் வலுவிழக்கிறது. கருவுற விரும்பும் பெண்ணுக்கோ நிலைமை வேறு. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளுள் சில கருவுக்குத் தீங்கு செய்யக் கூடியவை. அவளுக்கு விலங்கு வால்வே தக்கது என மருத்துவர் கருதலாம். பசு வால்வு கிடைக்குமா என்பதும் அப்போது கேட்க வேண்டிய கேள்வியாகும்.

இன்சுலின் வரலாறும் இதையே காட்டும். முன்னர் அது பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யப்பட்ட மனித இன்சுலினுக்கு அமெரிக்காவில் 1982-இல் அனுமதி கிடைத்தது. மருந்து மாறியதும் கேள்வியும் மாறியது. ஆகவே மார்க்கத் தீர்ப்பு செய்திகளின் மீது நிற்கிறது என்பதும், செய்தி பிழைபட்டால் தீர்ப்பும் பிழைபடும் என்பதும் தெளிவாகும்.

இதனினும் கடினமானது மூளைச்சாவு. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லின் பொறுப்பு நன்கு தெரியும். நினைவிழந்த நிலை வேறு, மூளைச்சாவு வேறு. முன்னதில் மீள்வதற்கு வழி இருக்கலாம், பின்னதில் இல்லை. 1986-இல் அம்மானில் கூடிய பன்னாட்டு இஸ்லாமியச் சட்டப் பேரவை, மூளையின் செயல்கள் யாவும் மீளா வண்ணம் நின்றுவிட்டன என்று வல்லுநர் உறுதி செய்தால் அதையும் மரணமாகக் கொள்ளலாம் என்றது. 1988-இல் ஜித்தாவில் கூடியபோது, இறந்தவரின் முன்னனுமதியோ வாரிசுகளின் சம்மதமோ இருப்பின் உறுப்பை எடுத்துப் பொருத்தலாம் என்றும், உறுப்பை விற்றல் கூடாது என்றும் முடிவு செய்தது. தேவபந்து மரபில் வந்த முப்தி முகம்மது ஷபி போன்றோர் உறுப்பு மாற்றத்தை ஏற்கவில்லை. நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் உறுப்பு வாணிகத்தைக் குற்றமாக்கியது. மூளைத்தண்டுச் சாவை மருத்துவர் குழுவே உறுதி செய்ய வேண்டும் என விதித்தது.

இவ்விரு துறைகளையும் ஒருவரே கற்பது புதுமையன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு நபீஸ் மருத்துவர்; ஷாபி சட்ட நெறியிலும் வல்லவர். தமிழகக் கடற்கரை ஊர்களின் முஸ்லிம்கள் பலர் பின்பற்றுவதும் அந்நெறியே. இதயத்தின் வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு இரத்தம் நுரையீரல் வழியாகவே செல்கிறது என்று எழுதியவர் அவர்.

அண்மைக் காலத்தில் இத்துறையைப் பல்கலைக்கழகப் பணியாகக் கொண்டவருள் அப்துல் அஜீஸ் சசேதினா குறிப்பிடத்தக்கவர். 1942-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் இந்திய வம்சாவளியில் பிறந்த அவர், அலிகரிலும் ஈரானின் மஷ்ஹதிலும் பயின்று, கனடாவின் டொராண்டோவில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்தார். இஸ்லாமிய உயிரியல் மருத்துவ அறநெறி பற்றிய அவருடைய நூல் 2009-இல் வெளிவந்தது. மூலநூல்களைப் படிக்க அரபு மொழியும், பிற நெறியினரோடு உரையாடத் தத்துவமும், மருத்துவமனையில் நடப்பதை அறியும் பொறுமையும் இப்பணிக்கு வேண்டும். மதரஸாவில் ஓதிய தமிழ் இளைஞர் உயிரியலும் கற்பாராயின், அல்லது மருத்துவம் பயின்ற பெண் சட்ட நெறியையும் கற்பாராயின், நம் சமூகத்துக்கு அவர்கள் செய்யும் தொண்டு பெரிதாகும்.

அத்தகையோர் பெருகும் வரை, வேற்று மாநிலத்தில் வாழும் நம்மவர் தாமே சிலவற்றைச் செய்யலாம். விளங்காத மொழியிலுள்ள சம்மதப் படிவத்தில் கையொப்பமிடும் முன்னர், அதைத் தமிழில் விளக்கும்படி கேட்க வேண்டும். இப்பொருள் எதனால் ஆனது, இதற்கு மாற்று உண்டா, காத்திருந்தால் என்ன ஆகும் என்னும் மூன்று கேள்விகளையும் மருத்துவரிடம் கேட்டு, விடைகளை எழுதி வாங்கி, அந்தத் தாளோடு ஆலிமிடம் செல்ல வேண்டும். நோய் வரும் முன்பே வீட்டாரோடு இவற்றைப் பேசி வைத்திருப்பது இன்னும் நலம்.