மலிவு டயரா, விலை உயர்ந்த டயரா?

குடும்ப உபயோகத்திற்கென ஒரு சிறு கார் வைத்திருக்கும் அங்கத்தினர்களின் தொகை பள்ளிக்கரணை, மேடவாக்கம், தாம்பரம் வட்டாரங்களில் ஆண்டுக்காண்டு பெருகி வருகின்றது. வண்டி வாங்குமுன் பத்துப் பேரிடம் யோசனை கேட்பவர்கள், டயர் மாற்றும் நாள் வந்தால் மட்டும் கடைக்காரர் எடுத்து வைப்பதையே மாட்டிக்கொண்டு வந்துவிடுகின்றனர். காரின் டயர் ஒவ்வொன்றும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. மனைவி மக்களோடு நாம் செல்லும் பயணம் முழுவதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடியில்தான் இருக்கின்றது. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

டயர் என்பது ரப்பர் மட்டுமே என்று பலரும் எண்ணுகின்றனர். அதன் உள்ளுடல் துணியால் ஆனது என்பது நமது நெசவாளர்களுக்கு வியப்பளிக்கலாம். முறுக்கேற்றிய நைலான் அல்லது பாலியெஸ்டர் கயிறுகளைப் பாவாக நெருக்கமாக நிறுத்தி, பாவு கலையாதிருக்கும் அளவுக்கு மட்டும் மெல்லிய ஊடையை இடையிடையே ஓட்டி நெய்கிறார்கள். பாரம் முழுவதையும் தாங்குவது பாவுதான். எஸ்.ஆர்.எஃப். நிறுவனம் 1974-இல் சென்னை மணலியில் தொடங்கிய ஆலை இந்த நைலான் டயர்க் கயிற்றுக்காகவே எழுந்தது. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய சிறு தொழிலகம் பின்னர் எம்.ஆர்.எஃப். என்னும் பெரிய டயர் நிறுவனமாக வளர்ந்த கதையை யாவரும் அறிவர். கன்னியாகுமரி மாவட்டத்து விவசாயிகள் பால் வடிக்கும் ரப்பரும் இத்தொழிலுக்கே பெரும்பாலும் போய்ச் சேருகின்றது.

இனி விலைக்கு வருவோம். இரண்டு டயர்கள் ஒரே அளவாயிருந்தும் ஒன்றன் விலை மற்றதைப்போல் ஒன்றரை மடங்கு இருப்பது ஏன்? பெயருக்கும் விளம்பரத்திற்கும் நாம் கொடுப்பது ஒரு பங்கு, அதை மறுப்பதற்கில்லை. எஞ்சிய பங்கு ரப்பர்க் கலவையில் இருக்கின்றது. உயர்ந்த ரகங்களில் கரித்தூளுடன் சிலிகாவையும் தாராளமாகச் சேர்ப்பதால், ஈரச் சாலையில் பிடிப்பு கூடுகின்றது. உருளும்போது வீணாகும் சக்தியும் குறைகின்றது. இரைச்சல் குறைவதும் உண்டு. எனினும் ஒரே நிறுவனம் மலிவு ரகத்தையும் உயர்ந்த ரகத்தையும் சேர்த்தே விற்பதால், நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து ரகத்தை முடிவு செய்தல் கூடாது.

தணிக்கை செய்து பழகிய நமக்குக் கணக்குப் பார்க்காமல் திருப்தி ஏற்படாது. மலிவு டயர் ஒன்று ரூ. 4,000, அது 35,000 கிலோமீட்டர் ஓடும் என்றும், உயர்ந்தது ரூ. 6,000, அது 50,000 கிலோமீட்டர் ஓடும் என்றும் உதாரணத்திற்கு வைத்துக்கொள்வோம். நான்கு டயருக்கும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 46 பைசாவும் 48 பைசாவும் ஆகின்றன. வித்தியாசம் இரண்டே பைசா. இதைக் கொண்டு உயர்ந்த டயரே சிக்கனம் என்று விற்பனையாளர் வாதிப்பார். அவர் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. ரப்பர் ஓடாமல் நின்றாலும் முதுமை அடைகின்றது. வெயிலில் இறுகி வெடிப்பு விடுகின்றது. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டரே ஓடும் குடும்ப வண்டியில், ஆறு ஆண்டு கழித்து டயரை மாற்றினால் ஓடியிருப்பது 36,000 கிலோமீட்டர்தான். அப்போது உயர்ந்த டயரின் செலவு கிலோமீட்டருக்கு 67 பைசா ஆகிவிடும். குறைவாக ஓட்டுபவர் நீண்ட ஆயுளுக்கென்று அதிகப் பணம் கொடுப்பது, முகூர்த்தத்திற்கு மட்டும் கட்டும் புடவையை உழைப்புக்காகத் தேர்வதைப் போன்றதே.

ஆனால் பிடிப்பு வேறு விஷயம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் வாழ்பவர்களுக்கு மழை நீரைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரும் நினைவில் இருக்கும். துரைப்பாக்கம் - பல்லாவரம் ஆரச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டரைக் கடக்கின்றது. டயரின் பள்ளங்கள் நீரை வெளியேற்றாவிடில், வண்டி நீரின்மேல் மிதந்து, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பயனற்றுப் போகும். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த டயர் சாலைக்கு ஏற்றதன்று. ஐப்பசி பிறக்குமுன் 3 மில்லிமீட்டர் அளவிலேயே மாற்றிவிடுவது உத்தமம் என்பது எமது அபிப்பிராயம். தேய்ந்துபோன உயர்ந்த டயரைக் காட்டிலும் புதிய நடுத்தர டயர் மழையில் எத்தனையோ மேல்.

எனவே வாரத்தில் பல நாள் ஆரச்சாலையிலும் நெடுஞ்சாலையிலும் மழையென்றும் பாராது செல்பவர், ஈரப்பிடிப்புக்குப் பெயர் பெற்ற உயர்ந்த ரகத்திற்குச் செலவிடுவது தகும். சந்தைக்கும் பள்ளிக்கூடத்திற்கும் மெதுவாகச் செல்பவருக்கு, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள நடுத்தர டயரே போதும். பழைய டயரில் மறுபடியும் வரி வெட்டிப் புதியதுபோல் விற்பதை மட்டும் எவரும் எவ்விலைக்கும் வாங்கலாகாது.

கடையில் முதலில் பார்க்க வேண்டியது பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்கள். 2325 என்றிருந்தால் அது 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. நமது அங்கத்தினர் ஒருவருக்குப் பெருந்தள்ளுபடியில் கிடைத்த டயர்கள் நான்கு ஆண்டுக்கு முந்திய சரக்கு என்பது, வீட்டில் வந்து இவ்விலக்கங்களைப் பார்த்த பிறகே தெரிந்தது. அளவும் பாரக் குறியும் வண்டிக் கையேட்டில் உள்ளபடியே இருத்தல் வேண்டும். அழகுக்காகச் சுவர் குட்டையான டயருக்கு மாறினால், நீருக்கடியில் மறைந்த குழியில் விழும்போது சுவர் புடைத்துக்கொள்ளும். 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததால், ரசீதில் வரி விகிதத்தையும் சரிபார்க்கலாம்.

இரண்டு டயர் மட்டுமே வாங்க இயலுமாயின் அவற்றைப் பின்சக்கரங்களில் மாட்டுவதே முறை. முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைத் தணித்துச் சமாளிக்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். காற்றழுத்தத்தை மாதம் இருமுறை, வண்டி ஓடிச் சூடேறுமுன் பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும். அப்போதே ஸ்டெப்னியையும் எடுத்துப் பார்த்துவிடலாம்.