மலைக்குப் போகும் பெண்களும் வாரத் தவணையும்

மாசி பிறந்தால் ஏலத்தோட்டங்களில் காய் எடுப்பு ஓய்ந்துவிடும். ஆவணியில் விடியும் முன்பே ஆள் நிரம்பி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் போன ஜீப்புகளில் பங்குனி, சித்திரையில் பாதி இடம் காலியாகக் கிடக்கும். களை எடுப்பு, கவாத்து என்று வாரத்தில் இரண்டு மூன்று நாள் வேலை கிடைத்தாலே பெரிது. குழுக் கடன் தவணை மட்டும் பங்குனி என்று பார்ப்பதில்லை.

ஏலக்காயின் விலை ஏறினாலும் இறங்கினாலும் அடிபடுவது கூலிக்காரர்தான். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாய்க்கு விலை போன காய், அடுத்த மூன்று ஆண்டுக்குள் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. விலை உச்சத்தில் இருந்தபோது கூலி அதோடு சேர்ந்து ஏறவில்லை. விலை சரிந்தபோது வேலை நாட்களில்தான் முதலில் கை வைத்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மூன்று வழிகளும் அடைபட்டன. அப்போது வீட்டுச் செலவுக்கு வாங்கிய கடன், அதன் தவணையைக் கட்ட வாங்கிய இன்னொரு கடன், அதையும் சமாளிக்கப் பத்து வட்டி (மாதம் நூற்றுக்குப் பத்து ரூபாய்) என்று சிக்கிக்கொண்ட குடும்பங்கள் இந்தத் தேனி மாவட்ட அடிவாரத்தில் உண்டு. மொத்தத் தொகையை நினைத்தால் மலைப்புத் தட்டும். ஆனால் மொத்தத்தையும் இன்றே அடைத்துவிட யாராலும் முடியாது. இந்த வாரம் செய்ய முடிந்தது எது என்பதுதான் கேள்வி.

முதல் வேலைக்குக் காசு தேவையில்லை. பிள்ளையின் பழைய நோட்டில் ஒரு பக்கம் போதும். யாரிடம் வாங்கியது, எப்போது, எவ்வளவு, இதுவரை கட்டியது, பாக்கி, மாத வட்டி: எல்லாவற்றையும் எழுதுங்கள். தோழிக்காக உங்கள் பெயரில் எடுத்துக் கொடுத்த கடனையும் மறைக்காமல் எழுதுங்கள். பணம் அவர் கைக்குப் போயிருக்கலாம். கையெழுத்து உங்களுடையது, கட்ட வேண்டிய பொறுப்பும் உங்களுடையதுதான்.

எழுதி முடித்ததும் கணக்கு வேறு முகம் காட்டும். குழுக் கடனில் 40,000 ரூபாய் பாக்கி, ஆண்டு வட்டி 24 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாத வட்டி 800 ரூபாய். பக்கத்துத் தெருவில் பத்து வட்டிக்கு வாங்கிய 10,000 ரூபாய்க்கோ மாத வட்டி 1,000. நான்கில் ஒரு பங்குத் தொகை அதிகம் தின்கிறது. பத்து மாதம் வட்டி மட்டும் கட்டினால் முதலுக்குச் சமமான பணம் போயிருக்கும், முதல் அப்படியே நிற்கும். எனவே கையில் உபரியாக நூறு ரூபாய் வந்தாலும் அது போக வேண்டிய இடம் இந்தச் சின்னக் கடன்தான். குழுக் கடன்காரர் அதிகம் சத்தம் போடுகிறார் என்பதற்காக உபரிப் பணத்தை அங்கே கொண்டு கொட்டுவது நஷ்டம்.

பத்து வட்டி வாங்குவதே குற்றம். கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் தமிழ்நாட்டின் 2003ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் தடை செய்கிறது. தண்டனை மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கொடுத்தவர் பணத்தை வாங்க மறுத்து வட்டியையே கேட்டு நெருக்கினால், பாக்கித் தொகையை நீதிமன்றத்தில் கட்டிக் கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யக் கேட்கவும் இந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஏடிஎம் அட்டையையோ ரேஷன் அட்டையையோ எழுதாத புரோநோட்டையோ பிடித்து வைத்திருந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள். காவல் நிலையத்தில் தட்டிக் கழித்தால், திங்கட்கிழமை தேனி ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

குழுக் கடன் கொடுக்கும் நுண்கடன் நிறுவனங்கள் வேறு வகை. அவற்றுக்கு ரிசர்வ் வங்கி 2022இல் விதிகள் வகுத்தது, அந்த ஏப்ரல் முதல் அவை நடைமுறைக்கு வந்தன. அதில் மலைக்குப் போகும் பெண்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டியது நேரம் பற்றிய விதி. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்காகத் தொடர்பு கொள்ளக் கூடாது. இங்கே நடப்பது என்ன? ஆறு மணிக்கு ஜீப் ஏறுகிற பெண் வீடு திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிடும். வசூல்காரர் அதைத் தெரிந்துகொண்டு ஏழு மணிக்கு வாசலில் வந்து நிற்கிறார், அல்லது விடியலில் ஜீப் நிற்கும் இடத்துக்கே வந்துவிடுகிறார். இரண்டும் விதிமீறல்.

தவணை கட்டும் இடத்தை இரு தரப்பும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அங்கே தொடர்ந்து இரண்டு முறையாவது நீங்கள் வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ வரலாம். எனவே வேலை இல்லாத ஒரு நாளைக் குறித்து, “இந்த நாளில், இந்த இடத்தில் கட்டுகிறேன்” என்று நீங்களே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிடுங்கள். கெட்ட வார்த்தை பேசுவது, மிரட்டுவது, விடாமல் போன் அடிப்பது, உறவினரையும் கூட வேலை பார்ப்பவர்களையும் தொந்தரவு செய்வது, கட்டாதவர் பெயரை ஊரறியப் போடுவது எல்லாமே தடை செய்யப்பட்டவை. ‘உன்னால்தான் எங்களுக்கும் கடன் கிடைக்காது’ என்று குழுப் பெண்களையே ஒருத்தி வாசலில் உட்கார வைப்பது இந்தப் பக்கத்தில் சகஜமாகிவிட்டது. அது என் கண்ணுக்கு மிகக் கொடியதாகத் தெரிகிறது. நாளை அதே பெண்களோடுதான் அவள் ஒரே ஜீப்பில் போக வேண்டும்.

லோன் கார்டை எடுத்துப் பாருங்கள். அது உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். வட்டி, கட்டணங்கள், கட்டிய ஒவ்வொரு தவணைக்கும் ஒப்புகை, புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். தவணை தவறினால் அபராதம் தவறிய தொகைக்கு மட்டும்தான், மொத்தக் கடனுக்கும் போடக் கூடாது. முன்கூட்டியே கடனை அடைத்தால் அபராதமே கிடையாது. இன்னொன்று: வீட்டின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டாதபடி பார்த்துத்தான் கடன் கொடுக்க வேண்டும். கடன் கொடுத்த அன்றே அது தாண்டியிருந்தால் தவறு கொடுத்தவர் மீதும் இருக்கிறது. புகாரில் அதை முதல் வரியாக எழுதலாம்.

வேலை குறையப்போகிறது என்று தெரிந்தால், தவணை தவறும் முன்பே நிறுவனத்துக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். “காய் எடுப்பு முடிந்துவிட்டது, ஜூலை வரை இவ்வளவுதான் கட்ட முடியும்” என்று தொகையைச் சொல்லுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை. ஆனால் தேதியோடு கையெழுத்து வாங்கிய நகல் உங்களிடம் இருந்தால், நீங்கள் ஏமாற்றி ஓடியவர் இல்லை என்பதற்கு அதுவே ஆதாரம்.

அத்துமீறினால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் தமிழிலேயே வழிகாட்டுவார்கள். கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழக அரசும் 2025இல் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. மிரட்டல் நடந்தால் காவல் நிலையத்துக்குப் போகத் தயங்க வேண்டாம். வக்கீல் வைக்கக் காசில்லை என்ற கவலையும் வேண்டாம்: பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தருகிறது. அதற்கு 15100. ‘கடனைத் தள்ளுபடி செய்து தருகிறேன்’ என்று முன்பணம் கேட்கும் புரோக்கரையும், போனில் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலியையும் அண்டவிடாதீர்கள்.

கடனால் உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ ஒரு நொடி வந்திருந்தாலும் மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தோட்டத்துப் பூச்சி மருந்து வீட்டில் இருந்தால் அதை இன்றே வெளியேற்றுங்கள்.

பல வீடுகளில் கடனின் தொடக்கம் ஒரு ஜீப் விபத்து. விபத்து கேரள எல்லைக்குள் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்திலேயே இழப்பீடு கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுவது நல்லது. முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனைச் சீட்டு இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். சிகிச்சைக்குக் கடன் வாங்கும் முன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள்.

பத்து வட்டிக் கடன் அடைந்த மாதம் முதல் அந்த 1,000 ரூபாய் கையில் நிற்கும். அதை அப்படியே அஞ்சலகக் கணக்கில் போட்டு வாருங்கள். ஆவணி முதல் தை வரை ஆறு மாதம் போட்டால் 6,000 ரூபாய். அடுத்த பங்குனியில் ஜீப் வராத வாரங்களின் தவணையை இந்தப் பணத்திலிருந்து கட்டலாம்.