உங்களுக்குத் தெரியுமா? – கேஸ் சிலிண்டரும் கடலடி மூச்சும்

சேவுகம்பட்டி அடுப்படியில் கேஸ் சிலிண்டர் தலையில் உட்கார்ந்திருக்கிறதே ரெகுலேட்டர், அதற்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா வீரர்களுக்கு மூச்சு கொடுக்கிறான்! இரண்டாம் உலகப் போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில், காரை எரிவாயுவில் ஓட்ட பிரெஞ்சுப் பொறியாளர் எமில் கான்யான் செய்த வால்வைத்தான் 1943-இல் அவரும் கடற்படை அதிகாரி கூஸ்தோவும் கடலுக்கு ஏற்றபடி மாற்றினார்கள்.

ஸ்கூபா வீரரின் காற்றுச் சிலிண்டரில் 200 பார் அழுத்தம். ரெகுலேட்டரின் முதல் கட்டம் அந்த அழுத்தத்தை, சுற்றியுள்ள நீரழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் கூடுதல் என்ற அளவுக்கு இறக்கும். வாயில் கவ்வும் இரண்டாம் கட்டம் மூச்சை இழுத்தால்தான் திறக்கும். ஸ்கூபா ரெகுலேட்டர் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள், சர்வீஸ் செய்ய ஆள் பக்கத்தில் உண்டா என்று பாருங்கள். பெரும்பாலான மாடல்களுக்கு ஆண்டுக்கொரு சோதனை வேண்டும். கடலைவிட்டு ஏறியதும் தூசி மூடியைப் போட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். அப்போது இரண்டாம் கட்டத்தின் நடுப் பொத்தானை அமுக்கிவிட்டால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும்.