தீராத இன்ஷுரன்சுக்கு அபராதம்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு சாலை பஜாருக்குள் நுழையும்போது செல்போனில் அந்தச் செய்தி வந்தது. குற்றம்: இன்ஷுரன்ஸ் இல்லாமல் வாகனம் ஓட்டியது. அபராதம்: 2,000 ரூபாய். அது 2024. ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியிலோ, 2027 வரை செல்லுபடியாகும் பாலிசி பத்திரமாக இருந்தது.

போக்குவரத்து அலுவலக ஊழியர் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "இன்ஷுரன்ஸ் தீர்ந்நுபோயல்லோ, சாரே." திரையில் 2023 என்று இருந்தது. பாலிசியை நீட்டினேன். கையில்கூட வாங்கவில்லை. திமிர் அல்ல, திரையில் இருந்த தேதி அவரால் மாற்றக்கூடியதல்ல.

புதிய இரு சக்கர வாகனத்தின் பாலிசி ஒன்று, கெடு இரண்டு. வண்டியின் சேதத்துக்கான காப்பீடு ஓராண்டுக்கு. அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கான மூன்றாம் நபர் காப்பீடு ஐந்தாண்டுக்கு. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது இரண்டாவதைத்தான். இந்த ஐந்தாண்டு ஏற்பாட்டுக்குக் காரணம் ஒரு தமிழர். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012ல் தொடுத்த பொதுநல வழக்கில்தான், 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு 3 ஆண்டு, இரு சக்கர வாகனங்களுக்கு 5 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முதல் ஆண்டோடு காப்பீட்டைக் கைகழுவிவிட்டு ஓடும் வண்டிகளில் அடிபட்டவர்கள் நஷ்டஈட்டுக்கு அலைந்துகொண்டிருந்த காலம் அது.

என் ஸ்கூட்டரின் விவரங்களை ஏற்றிய யாரோ, ஓராண்டுத் தேதியையே முடிவுத் தேதியாக அடித்துவிட்டார். அவ்வளவுதான் விஷயம். கட்டாமல் ஓடுகிறவனுக்காக விரித்த வலையில், ஐந்தாண்டுக்கும் மொத்தமாகக் கட்டியவன் விழுந்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 196வது பிரிவு, காப்பீடு இல்லாமல் ஓட்டுவதைத்தான் தண்டிக்கிறது. வாகன் பதிவேட்டில் தேதி தப்பாக இருப்பதை அல்ல. ஆனால் அதிகாரியின் கையிலிருக்கும் கருவிக்குத் தெரிந்ததெல்லாம் பதிவேடுதான்.

"ரெண்டாயிரத்தைக் கட்டித் தொலைச்சிட்டு வேலையைப் பாருங்க சார்" என்றார் நண்பர். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பதிவேடு திருந்தாத நிலையில் மறுபடி சிக்கினால், அடுத்த குற்றத்துக்கு 4,000. கட்டாமல் சும்மா இருந்தாலோ, வண்டி கறுப்புப் பட்டியலுக்குப் போகும்.

தேதியைத் திருத்தித் தர வேண்டியது இன்ஷுரன்ஸ் கம்பெனி, போக்குவரத்து அலுவலகம் அல்ல என்று புரியவே எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. கம்பெனிக்கு போன் செய்தால் பாட்டுதான் கேட்டது. கடைசியில் பாலிசி நகல், அபராத நோட்டீஸ், பதிவேட்டுப் பக்கத்தின் அச்சுப் பிரதி மூன்றையும் இணைத்துப் பதிவுத் தபால் அனுப்பினேன். கேட்டது இரண்டு: தேதியைத் திருத்துங்கள், அபராதம் விதித்த நாளில் காப்பீடு அமலில் இருந்தது என்று எழுதிக் கொடுங்கள். கம்பெனி ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டால் கொச்சியிலுள்ள இன்ஷுரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை. இதையும் கடைசி வரியாகச் சேர்த்தேன். போனுக்கு மசியாதவர்கள் அந்த வரிக்கு மசிந்தார்கள். 26வது நாள் பதில் வந்தது.

கம்பெனிக் கடிதத்துடன் மறுபடியும் அதே ஊழியரிடம் போனேன். இந்த முறை வாங்கிப் படித்தார். மேலதிகாரியின் மேஜைக்குப் போய் அபராதம் ரத்தாக இன்னும் பத்து நாள். கேட்காமலே திரையைத் திருப்பிக் காட்டினார். 2027.